இரண்டாவது அட்டெண்டன்ஸ்

செண்பகவல்லிக்கு அடுத்தவர்கள் மனசில் நினைப்பது கேட்கும். எட்டாம் வகுப்பு முழுப்பரீட்சை லீவில் அது ஆரம்பித்தது. அதே லீவில்தான் அவளுடைய பெஞ்சுக்காரி எஸ்தர் கண்ணாடி போட்டுக்கொண்டாள். பள்ளிக்கூடம் திறந்ததும் இருவரையும் முன் பெஞ்சுக்கு மாற்றினார்கள். எஸ்தருக்குப் போர்டு தெரிய வேண்டும், செண்பகவல்லி இரண்டாவது அட்டெண்டன்ஸ் எடுக்க வேண்டும்.

முதல் அட்டெண்டன்ஸ் ஆளுக்கு, இரண்டாவது மனசுக்கு. இப்போது பிளஸ் ஒன்னிலும் அதே ஏற்பாடுதான். வகுப்பாசிரியை புஷ்பலீலா டீச்சர் பெயர்களை மறுபடி வாசிக்க, செண்பகவல்லி காது கொடுத்துக் கேட்டு "வந்திருக்கு" என்றோ "வரல" என்றோ சொல்வாள். வராத மனசுக்காரர்கள் எழுந்து போய்க் கூட்டிக்கொண்டு வர வேண்டும். ஒருத்தியின் மனசு மாமா கல்யாணப் பந்தியில் இரண்டாம் தடவை பாயசம் கேட்டுக்கொண்டிருக்கும். ஒருவனுடையது தண்ணீர்த் தொட்டி மேல் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருக்கும். கபடி மேட்சுக்குப் போனவனோடு மனசும் போயிருந்தால், பள்ளிக்கூட வேலையாகப் போனதாக இரண்டுக்கும் ஓ.டி. போடுவார் டீச்சர். இந்த விஷயத்தில் அவர் கறார். செண்பகவல்லியின் பெயரை மட்டும் இரண்டாவது தடவை வாசிப்பதில்லை. கேட்டுச் சொல்ல ஆளில்லையே.

இதில் அவளுக்கு ஒரே ஒரு கஷ்டம். அவளிடம் பேசுவதை எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். கேட்கத்தான் கேட்கிறதே, வாய் எதற்கு வலிக்க வேண்டும் என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. அம்மா அடுப்படியில் நின்றபடி தோசை ஆறுகிறது என்று நினைப்பாள், இவள் போய்ச் சாப்பிட உட்காருவாள். எஸ்தர் ரப்பரை நினைத்துக் கையை நீட்டுவாள். பஸ் கண்டக்டர்கூட உள்ளே போ என்பதை மனசுக்குள் சொல்லிவிட்டு விசிலை ஊதிவிடுவார். முதல் அட்டெண்டன்ஸில் மட்டும்தான் அவள் பெயர் சத்தமாகக் காதில் விழும். அதற்காகவே காய்ச்சல் அடித்தாலும் லீவு போடமாட்டாள். சில நாள் பெயரைக் கேட்டதுமே அழுகை முட்டிக்கொண்டு வரும்.

பொங்கல் லீவு முடிந்து திறந்த அன்று, பையன்கள் பக்கம் கடைசி பெஞ்சிலிருந்து இசக்கிராஜாவின் மனசு எழுந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தது. இசக்கிராஜா நெட்டையன், சட்டைப் பையில் எந்நேரமும் கடலைமிட்டாய் வைத்திருப்பவன். அந்த வகுப்பில் பையன்களுக்கும் பெண்களுக்கும் நடுவே ஒரு நடைவழி உண்டு. ஒரு பக்கத்துப் பென்சில் மறுபக்கம் உருண்டால் வருஷக் கடைசி வரை அங்கேயே கிடக்கும், எடுக்க யாருக்கும் துணிச்சல் கிடையாது. மனசுக்கு அந்தப் பயமெல்லாம் இருக்கவில்லை.

அது மரியாதையான மனசு. தினமும் வந்ததும் உன்னைப் பிடித்திருக்கிறது என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டுப் பாடத்தைக் கவனிக்கும். வேதியியல் வகுப்பில் தூங்கிவிடும். எலுமிச்சைச் சாதம் என்றால் அவள் டிபனை எட்டிப் பார்க்கும். விவரம் சொன்னதும் எஸ்தர் ஒரு ஜாண் தள்ளி உட்கார்ந்து அதற்கு இடம் விட்டாள். டீச்சர் இசக்கிராஜா பெயரை வாசித்தபோது செண்பகவல்லி "வந்திருக்கு" என்றாள். வந்தது உண்மைதான். எங்கே என்று டீச்சர் கேட்கவில்லை. அவளுக்கு வெட்கமாக இருந்தது, ரொம்பப் பிடித்தும் இருந்தது.

மாசி மாதம் பிரேயரில் ஹெட்மாஸ்டர் புது விதி ஒன்றைச் சொன்னார். பரீட்சை நெருங்குகிறது, இனி அவரவர் மனசு அவரவர் இடத்தில்தான் இருக்க வேண்டும். அடுத்தவர் பெஞ்சில் இருந்தால் காப்பி அடித்த கணக்கு, அந்த மனசுக்காரனை அன்றைக்கே பி செக்‌ஷனுக்கு மாற்றிவிடுவார்கள். நாளையிலிருந்து எங்கே என்றும் கேட்பேன் என்றார் புஷ்பலீலா டீச்சர். பி செக்‌ஷன் மைதானத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது. அவ்வளவு தூரம் செண்பகவல்லிக்குக் கேட்காது. அட்டெண்டன்ஸில் அவள் பொய் சொன்னதும் கிடையாது.

மத்தியானம் இசக்கிராஜா குழாயடியில் டிபன் பாக்ஸ் கழுவிக்கொண்டிருந்தான். அவள் போய் நின்றாள். மனசும் கூடவே வந்து அவள் பக்கத்தில் நின்றது.

"உன் மனசைக் கூட்டிட்டுப் போயிரு. நாளைக்கு எங்கன்னு கேப்பாங்க."

நீ பதில் சொல்லாமல் நான் எப்படிப் போவேன் என்று அவள் பக்கத்தில் நின்ற மனசு கேட்டது. அவன் பாவம், தினமும் சொல்லியாயிற்று என்றே நம்பிக்கொண்டிருந்தான். பதில் வராததால், பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று சோறு தண்ணி இறங்காமல் கிடந்திருக்கிறான். அவளோ அவன் என்றைக்கு வாயைத் திறப்பான் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேருக்கும் காத்துக் காத்துக் கண் பூத்ததுதான் மிச்சம்.

"நெனைக்கிறது சொல்றதாகாது," என்றாள். "எங்கிட்ட யாருமே பேசுறதில்ல. நீயாவது வாயால சொல்லு."

அவன் வாய் திறந்து மூடியது. சத்தம் வரவில்லை. மனசில் உள்ளதைப் பேச வேண்டுமானால் மனசு வாய்க்குப் பின்னால் இருக்க வேண்டும், அதுதான் இவள் பக்கத்தில் நிற்கிறதே. மனசு அவளை ஒரு தரம் பார்த்தது. பிறகு குழாய்த் தண்ணீரைத் தாண்டிப் போய், குனிந்து, அவனுக்குள் நுழைந்துகொண்டது. அவன் தொண்டையைச் செருமினான். தினமும் சொல்லிக்கொண்டிருந்த அந்தப் பெரிய வார்த்தை மட்டும் வெளியே வரமாட்டேன் என்று அடம் பிடித்தது.

"செண்பகவல்லி, சாப்ட்டியா?" என்றான் கடைசியில்.

அவள் அந்தச் சத்தம் முழுக்க அடங்கும்வரை நின்றாள். சாப்பிட்டேன், லெமன் சாதம் என்று சொல்லி, நீ சாப்பிட்டாயா என்றும் கேட்டாள். அவன் வாயைத் திறந்தே பதில் சொன்னான். மணி அடிக்கும்வரை பேசினார்கள், குழாயை மூட இருவருக்கும் மறந்துபோனது.

மறுநாள் டீச்சர் இசக்கிராஜா பெயரை வாசித்து, எங்கே என்று கேட்டார்.

"அவன் எடத்துலதான் இருக்கு டீச்சர்."

எஸ்தர் ஒரு ஜாண் இந்தப் பக்கம் நகர்ந்து பழையபடி உட்கார்ந்தாள். கடைசிப் பெயரும் முடிந்தது. டீச்சர் பதிவேட்டை மூடப் போனவர், விதி என்றால் எல்லோருக்கும்தானே என்று நினைத்து, முதன்முதலாக இரண்டாவது தடவையும் செண்பகவல்லி என்று வாசித்தார். அவளே உள்ளே காது கொடுத்துக் கேட்டாள். அங்கே ஒன்றும் இல்லை. பி செக்‌ஷனை நினைத்துப் பயப்படலாம் என்றால், பயப்படவும் உள்ளே ஆளில்லை.

கடைசி பெஞ்சில் இசக்கிராஜா எழுந்து நின்றான்.

"வந்திருக்கு டீச்சர். இங்க என் பக்கத்துல உக்காந்திருக்கு. காலையிலிருந்து எங்கிட்ட பேசிட்டே இருக்கு, எனக்கே கேக்குது."

அட்டெண்டன்ஸ் எடுக்கும் வேலையாக மனசு வெளியே போயிருப்பதால் காப்பிக் கணக்கில் சேராது என்று, டீச்சர் அவள் பெயருக்கு நேரே ஓ.டி. என்று போட்டுக்கொண்டார். இசக்கிராஜாவுக்கு அடுத்து இருந்த சுடலைமணி, பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு ஒரு ஜாண் தள்ளி உட்கார்ந்தான்.