வேதநாயகி கேட்ட கேள்விகள்

1955 ஏப்ரல் கடைசி. வியட்நாமின் சைகோன் தெருக்களில் அரசுப் படைக்கும் ‘பின் ஸுயென்’ என்ற ஆயுதக் கும்பலுக்கும் சண்டை மூண்டிருந்த வாரத்தில், வேதநாயகி பிரசவ ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தாள். வயது முப்பத்து நான்கு. காரைக்காலிலிருந்து வந்த கத்தோலிக்கக் குடும்பம். கணவர் அருளப்பன் சுங்க அலுவலகத்தில் எழுத்தர். வீட்டில் இரண்டு பெண் குழந்தைகள். மூன்றாவது வயிற்றில், நான்காம் மாதம். நாலு படி ஏறுவதற்குள் அவளுக்கு மூச்சு இரைத்தது.

அங்கே நர்ஸாக இருந்த ஒடெட்டும் காரைக்கால்காரிதான். ஞாயிறு பூசையில் பார்த்துப் பழகியவள்.

டாக்டர் கியெம் வியட்நாமியர், புராட்டஸ்டண்ட். வெகுநேரம் அவள் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டுப் பிரெஞ்சில் சொன்னார்: "இதய வால்வு சுருங்கியிருக்கிறது, மதாம். இதில் கைதேர்ந்த பிரெஞ்சு டாக்டர் போன மாதம்தான் பிரான்சுக்கு, மர்செய் துறைமுகத்துக்குக் கப்பலேறினார். கர்ப்பம் தொடர்ந்தால் நீங்கள் பிழைப்பது கஷ்டம். கலைத்துவிடலாம் என்பது என் யோசனை."

வேதநாயகி அழவில்லை. "நீங்களும் ஏசுவைக் கும்பிடுகிறவர்தானே, டாக்டர்? அது பாவமென்று தோன்றவில்லையா?"

"தோன்றுகிறது. இரண்டு பிள்ளைகளின் தாயைச் சாகவிடுவதும் பாவமென்று தோன்றுகிறது. எங்கள் சபையிலேயே எல்லோரும் என்னை ஒப்புக்கொள்ளமாட்டார்கள்."

மறுநாள் அவள் பங்குக் கோயிலின் சவரிநாதர் சாமியார், காவல் தடுப்புகளைச் சுற்றிக்கொண்டு சைக்கிளில் வந்தார். "மருந்து சாப்பிடும்மா. அதனால பிள்ளைக்கு ஆபத்து வந்தாலும் உன்மேல பாவம் இல்ல. ஆனா பிள்ளைய நேரா அழிக்கக் கூடாது. அதுவும் ஒரு உசுரு."

"மருந்தால போனா பாவமில்ல, கத்தியால போனா பாவமா, சாமி? ரெண்டுலயும் பிள்ளை போயிடுதே?"

அவர் கோபப்படவில்லை. "மருந்து குடுக்குறவன், பிள்ளை பிழைச்சா சந்தோஷப்படுவான். கத்தி எடுக்குறவன், பிள்ளை போறதுக்காகவே செய்யுறான். அதான் வித்தியாசம்."

அவர் போனபிறகும் வேதநாயகி அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். "நல்ல பதிலுதான், ஒடெட்," என்றாள்.

பத்து நாள் மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். கால் வீக்கம் வடியவில்லை. இருமலில் ரத்தம் வந்தது. அருளப்பன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "நீ இருந்தாப் போதும்," என்று மட்டும் சொன்னார்.

"நீ என்ன சொல்றே?" என்று வேதநாயகி ஒடெட்டைக் கேட்டாள்.

ஆறு வருட வேலையில் ஒடெட்டை யாரும் அப்படிக் கேட்டதில்லை. "தெரியலக்கா. சாமியார் சொல்லும்போது அது சரின்னு படுது. உங்க காலைப் பாக்கும்போது டாக்டர் சொல்றது சரின்னு படுது."

அன்று மாலை வேதநாயகி சம்மதம் சொன்னாள்.

"நீங்கள் கத்தோலிக்கர். வேண்டாமென்றால் வேறு நர்ஸ் வருவாள்," என்றார் டாக்டர் ஒடெட்டிடம்.

"கருவி எடுத்துத் தரமாட்டேன். தலைமாட்டில் நிற்கிறேன்."

நின்றாள். வேதநாயகியின் கையைப் பிடித்துக்கொண்டாள். கருவித் தட்டு ஓரெட்டுத் தூரத்தில்தான் இருந்தது. அந்த ஓரெட்டு தன்னை எதிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது என்று அவளுக்கு விளங்கவில்லை.

வேதநாயகி பிழைத்தாள். மூன்றாம் நாள்தான் அழுதாள். "உசுரோட இருக்கறதுக்கு வருத்தமில்ல ஒடெட். பிள்ளைக்காக வருத்தமா இருக்கு. சாமியாரக் கூப்பிடு."

அந்தப் பாவத்தை மன்னிக்க அவருக்கு ஆயரின் அனுமதி வேண்டியிருந்தது. சண்டையில் குலைந்துபோன தபாலில் கடிதம் போய்வர இரண்டு வாரம் ஆயிற்று. அனுமதி வந்த அன்றே வந்து, அவள் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்டு மன்னிப்பும் கொடுத்தார். வெளியே வந்தவரை ஒடெட் மறித்தாள்.

"தலைமாட்டுல நின்னேன், சாமி. அது பாவமா?"

"ஏன் நின்னே?"

"அக்கா பயந்துட்டு இருந்தாங்க."

சாமியார் தொப்பியைக் கையில் திருப்பியபடி நின்றார். "தெரியலம்மா. டாக்டர் இருக்காரா?"

அந்த மதியம் அவரும் டாக்டர் கியெமும் மருந்தறை மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து, செய்தது சரியா தப்பா என்று பேசினார்கள். ஒருவரால் மற்றவரை அசைக்க முடியவில்லை. ஆனால் யாரும் எழுந்து போகவுமில்லை. வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஒடெட், கொஞ்ச நேரத்தில் உள்ளே வந்து தனக்கும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.