அடைப்புக்குறிக்குள் இருந்த பெயர்

அப்போது ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருந்தவர்கள் நால்வர். உரிமையாளரான அக்கா மைக்ராஸ்கோப் மேசையில். கணினி வேலைகளைக் கவனிக்கும் அவருடைய கொழுந்தன் ஜன்னலோரம். எங்கள் வண்டியின் டிரைவர் வாசல் பெஞ்சில். கடிதப் போக்குவரத்தைப் பார்க்கும் நான் பிரிண்டரை ஒட்டி.

டிரைவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "சாயங்காலம் எம் பொண்டாட்டிய ஆஸ்பத்திரிலேர்ந்து வீட்டுக்கு அனுப்பறாங்கக்கா. ரத்தம் பதிமூணாம்! போன வாரம் ஏழுதான இருந்துச்சு?"

அக்கா நிமிர்ந்தார். "ரத்தம் ஏத்தினாங்களா?"

"இல்லியே."

அக்கா கருவி தந்த சீட்டைத் தேடியெடுத்தார். அதில் ஹீமோகுளோபின் 6.8. நாங்கள் அனுப்பிய ரிப்போர்ட்டில் 13.1; அது பட்டியலில் அடுத்த ஆளுடையது. காலையில் போன எல்லா ரிப்போர்ட்டிலும் இதே கதை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அக்கா கொழுந்தன் பக்கம் திரும்பினார். "காலைல எதைடா தொட்ட?"

"ரிப்போர்ட் புரோகிராமைத் தொடவே இல்ல அண்ணி. டெஸ்ட் என்விரான்மென்ட்லதான் ஒரு பேக்கேஜ அப்டேட் பண்ணேன்."

எங்கள் கணினியில் ஒவ்வொரு புரோகிராமுக்கும் தனி அறை மாதிரி ஓர் என்விரான்மென்ட் உண்டு. ஒன்றில் மாற்றும் பேக்கேஜ், அதாவது புரோகிராம் பயன்படுத்தும் துணை நிரல், மற்றதைப் பாதிக்காது. எதற்குள் இருக்கிறோம் என்பதைக் கட்டளை வரியின் தொடக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஒரு பெயர் காட்டும். திரையில் அதைக் காணோம்.

"பேர் எங்க?"

"பார்க்க நல்லால்லன்னு எடுத்துட்டு... நிலாப் படம் வச்சேன்."

"வீட்டு நம்பரைக் கழட்டிட்டு பூச்சட்டி மாட்டினியா?"

அவன் விசைகளைத் தட்டினான். டெஸ்ட் என்று நினைத்து அவன் நின்றிருந்தது ரிப்போர்ட் என்விரான்மென்டில். பேக்கேஜின் புதிய பதிப்பு, கருவிக் கோப்பின் முதல் வரியைத் தலைப்பென்று எண்ணி விழுங்கியிருந்தது. அதனால் எல்லார் அளவும் ஒரு பெயர் மேலேறிவிட்டது. அவன் முகத்தில் ஈயாடவில்லை.

டிரைவர் எழுந்து நின்றார். "தலை சுத்துதுன்னு அவ சொன்னா அக்கா. ரிப்போர்ட் நல்லாத்தான இருக்கு, எந்திரிச்சு நடடின்னு திட்டிட்டு வந்தேன்."



அக்கா ஆஸ்பத்திரி வார்டுக்குப் போன் செய்தார். நோயாளிகள் யாரையும் இன்று வீட்டுக்கு அனுப்ப மாட்டார்களாம். ஆனால் ரத்தம் ஏற்ற, கையெழுத்திட்ட திருத்தக் கடிதம் நேரில் வர வேண்டுமாம். கொழுந்தன் பழைய பதிப்பைத் திரும்பப் போட்டு, அளவுகளை வாசித்தான். ஒவ்வொன்றையும் அக்கா கருவிச் சீட்டோடு ஒப்பிட்ட பிறகே கடிதத்தில் எழுதினேன். டிரைவரின் மனைவியுடைய அளவைத்தான் முதலில் எழுதினேன்.

அக்கா கையெழுத்திட்டார். உறையை ஒட்டி முத்திரை குத்தினேன்.

டிரைவர் சாவியை எடுத்தார். அக்கா அதை வாங்கிக்கொண்டார். "நீ ஓட்ட வேணாம் தம்பி. கடிதத்தை மட்டும் கெட்டியாப் பிடிச்சுக்கோ."

அக்கா ஓட்ட, வண்டி தெருமுனையில் ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பியது.