வீட்டுக்குள் நின்ற வெள்ளம்

லிப்ட் மெக்கானிக்காக இருந்த அவள் மருத்துவமனைக்குப் போன் செய்து டாக்டரைப் பார்க்க நாள் குறித்த அன்று சாயங்காலம், அவள் வீட்டுக்குள் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. மழை இல்லை, குழாய் உடையவில்லை. வாசற்படியைத் தாண்டி ஒரு சொட்டு வழியவில்லை. குழாய் ரிப்பேர்க்காரர் சுவரைத் தட்டிப் பார்த்து, தண்ணி நல்ல தண்ணிதான் என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா கட்டில் கால்களுக்குச் செங்கல் வைத்தாள். தெரு கொஞ்ச நாள் பேசியது, பிறகு வேறு பேச்சு கிடைத்ததும் விட்டுவிட்டது.

அந்த வீட்டில் மகனாகப் பிறந்து வளர்ந்தவள், தான் பெண் என்று வாய்விட்டுச் சொல்லி இரண்டு வருடம் ஆகியிருந்தது. அழுது முடித்த பிறகு அம்மா வாயில், மகளைக் கூப்பிடும்போது, 'டி' தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற அப்பாவோ அவளோடு பேச்சையே நிறுத்திவிட்டார். சாப்பாடு ஆச்சா என்பதைக்கூட அம்மா வழியாகத்தான் கேட்பார்.

பத்து மாடிக்கு மேலே, இருட்டுக் குழிக்குள், லிப்ட் பெட்டியின் தலைமேல் நின்று கம்பி மாற்றுகிறவளுக்கு டாக்டர் எதிரில் இருக்கும் நாற்காலியை நினைத்தால்தான் பயமாக இருந்தது. சிரித்துவிட்டால்? உனக்கு ஹார்மோன் கொடுக்க முடியாது, போ என்றுவிட்டால்? பதில்களைச் சொல்லிப் பழகினாள். பழகப் பழகத் தண்ணீர் ஏறி இடுப்பைத் தொட்டது. அம்மாவே மேஜைமேல் ஏறி உட்கார்ந்து டாக்டரானாள்.

"சொல்லும்மா, என்ன வேணும்?"

"ஹார்மோன் சிகிச்சை பத்திப் பேச வந்தேன், டாக்டர்."

"இப்படி முனகினா எறும்புக்குக்கூட கேக்காதுடி."

ஏற்கெனவே போய்வந்த தோழி ஒருத்தி, குடும்பத்தில் யாருக்காவது ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்து கட்டியது உண்டா என்று கட்டாயம் கேட்பார்கள் என்று சொல்லியிருந்தாள். எங்க பக்கம் இல்ல, அவர் பக்கத்த அவரத்தான் கேக்கணும் என்றாள் அம்மா. மகள் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய் அப்பாவிடம் கேட்டாள். அப்பா நனையாதபடி உயர்த்திப் பிடித்திருந்த பேப்பரை இறக்கவில்லை. தண்ணீர் மட்டும் எல்லோருக்கும் மோவாய் வரை வந்தது.

"தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன? வாயத் திறந்து பேசித் தொலைங்களேன்!" என்று அம்மா கத்தினாள்.

அப்பா சுவரைப் பார்த்துப் பேசினார். "எங்க அக்காவுக்கு இருந்துச்சு. கால் வீங்கினப்போ சுளுக்குன்னு நெனச்சோம். ரத்தம் கட்டி நெஞ்சுக்குப் போயிருச்சு."

"அத்தை காய்ச்சல்ல போனாங்கன்னுதானே சொன்னீங்க?"

"அந்த ஹார்மோன் மாத்திரையால ரத்தம் கட்டும்னு படிச்சேன். நீ பொண்ணுன்னு சொன்ன அன்னிக்கே படிச்சுட்டேன்."

இரண்டு வருடமாக அப்பா பேசாததை அருவருப்பு என்றே நினைத்திருந்தவள், அது பயம் என்று புரிந்துகொண்டாள். அவள் வேலைக்குப் போய், அப்பா வீட்டில் இருந்த நேரங்களிலும் தண்ணீர் விரலளவுகூட இறங்கியதில்லை என்பதை அம்மா அப்போதுதான் சொன்னாள்.

இப்போது வேறு பயம் பிடித்துக்கொண்டது. அத்தையைப் பற்றிச் சொன்னால் டாக்டர் மறுத்துவிடுவாரோ? சொல்லாமலே இருந்துவிடலாமா? மனதுக்குள் கேட்பதாக நினைத்து அவள் வாய்விட்டே கேட்டுவிட்டாள்.

"மறைக்காத. சொல்லிடும்மா," என்றார் அப்பா. கடைசியில் வந்த 'ம்மா'வை அவர் கவனிக்கவில்லை.

குறித்த நாளில் அப்பாவும் கூடப் போனார். மருத்துவமனை நடையில் அவர் சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது, துடைக்க வந்த பெண் வாளியை அவர் காலடியில் வைத்துவிட்டுப் போனாள். உள்ளே அவள் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து அத்தையைப் பற்றித்தான் முதலில் சொன்னாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. "நல்ல வேளை சொன்னீங்க. மொதல்ல ரத்தத்தைப் பாத்துடலாம். மாத்திரைதான்னு இல்ல, தோல்ல ஒட்டுற பட்டை இருக்கு, அதுல அந்த ஆபத்து கம்மி. முடிவு வந்ததும் பேசுவோம்." சரி என்று சொல்லிவிட்டு அவள் ரத்தம் கொடுக்கப் போனாள்.

வீடு திரும்பியபோது தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியிருந்தது, வற்றவில்லை. சோதனை முடிவு வரும் நாட்களில் ஒரு சாண் ஏறும், பிறகு இறங்கும். இப்போது அந்த வீட்டுக்கு வருகிறவர்கள் செருப்பை வெளியே விட்டு, உடையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்து, கட்டிலில் உட்கார்ந்து, காலைத் தண்ணீரில் தொங்கப்போட்டபடி டீ குடித்துவிட்டுப் போகிறார்கள்.