மூணு பின், ஆறு புஷ்

முகேஷுக்கு அந்த லோடரைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அதன் நிறம் ஒன்றுதான் என்று சின்னக்கருப்பன் முதல் வாரத்திலேயே முடிவு கட்டிவிட்டார்.

இடித்த கட்டடங்களின் கல்லையும் மண்ணையும் அள்ளுகிற சின்ன லோடர் அது. குறுகிய சந்துக்குள் நுழையும், நின்ற இடத்திலேயே சுற்றித் திரும்பும். பன்னிரண்டு வருடம் யார் யாரிடமோ உழைத்துத் தேய்ந்ததை முகேஷ் ஏலத்தில் எடுத்தான். அவனியாபுரத்து ஷெட்டில் நிறுத்தி, மேலிருந்து கீழ்வரை ஆரஞ்சு பெயின்ட் அடிக்க வைத்தான். கண்ணாடியில் தன் கம்பெனி பெயரை ஒட்டினான். நெற்றியில் நீல விளக்கு மாட்டினான். பிறகு மாலை போட்டு, முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்று படம் எடுத்துக்கொண்டான். பெயின்ட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று குனிந்து பார்க்க அவனுக்கு நேரமில்லை.

சின்னக்கருப்பன் எழுமலைக்காரர். நாற்பத்தாறு வயது. இருபது வருடமாக லோடர் ஓட்டுகிறவர். முப்பதுகூட ஆகாத முகேஷ் அவரை "ப்ரோ" என்று கூப்பிட்டான். அவர் பதிலுக்கு "சார்" என்றார். அந்த ஒரு சொல்லில் எவ்வளவு ஏளனம் வைக்க முடியுமோ அவ்வளவையும் வைத்தார். முகேஷ் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டான்.

முதல் நாள் பக்கெட்டைத் தூக்கியதுமே "டொக்" என்று ஒரு சத்தம். இறக்கினால் இன்னொரு "டொக்". சின்னக்கருப்பன் இறங்கி, பக்கெட்டுக்கு அடியில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினார். தூக்குகிற இரண்டு கைகளையும் பக்கெட்டையும் நாலு இடத்தில் நாலு பின்கள் பிடித்துக்கொண்டிருந்தன. வலப்பக்க மேல் பின் தவிர மற்ற மூன்றும் துளைக்குள் நகக் கனத்துக்கு ஆடின.

கிரீஸ் வைக்கலாம் என்று போனால், கிரீஸ் இறங்க வேண்டிய நிப்பிள்களின் வாயைப் பெயின்ட் அடைத்திருந்தது. வலப்பக்க மேல் நிப்பிளைக் கத்தியால் சுரண்டிச் சுத்தம் செய்து கிரீஸ் ஏற்றினார். அடுத்ததற்குப் போவதற்குள் முகேஷ் வந்துவிட்டான்.

"ப்ரோ! என்ன பண்றீங்க? பெயின்ட்ல கோடு விழுந்துருச்சு பாருங்க."

"இது அடைச்சுக் கெடக்கு சார். சுரண்டாம கிரீஸ் எப்படி இறங்கும்? இப்பவே மத்த பின்னெல்லாம் தேஞ்சு ஆடுது. கழட்டி லேத்துக்குக் குடுக்கணும்."

"ஷோ போயிரும் ப்ரோ. இனிமே கத்தியோட கிட்ட போகாதீங்க. ஆட்டத்தை நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொள்ளவும் செய்தான். போனில் ஏதோ வீடியோவைப் பார்த்துவிட்டு, கூல்டிரிங்ஸ் தகர டப்பாவை வெட்டி, அந்தத் தகட்டைப் பின்னைச் சுற்றி வைத்து அடித்துச் செருகினான். அதைத் தானே வீடியோ எடுத்து, "மெக்கானிக் தேவையில்லை" என்று தலைப்புப் போட்டு ஏற்றினான். சின்னக்கருப்பன் சற்றுத் தள்ளி நின்று பீடி பற்றவைத்துக்கொண்டு பார்த்தார். டப்பாவில் இருந்ததைக் குடித்ததோடு நிறுத்தியிருந்தால் உலகத்துக்கு நல்லது என்று தோன்றியது. ஆனால் அவருக்கு அந்த வேலை வேண்டியிருந்தது.

மூன்று நாள் சத்தமில்லை. நாலாம் நாள் தகடு நசுங்கிப் பிதுங்கி வெளியே வந்தது. பழைய "டொக்" இன்னும் கனத்த குரலில் திரும்பியது.

பதினைந்தாம் நாள் பைபாஸ் பக்கம் பாண்டியம்மாள் என்பவரின் வீட்டில் வேலை. முன்பக்கம் புதுச் சுவர் எழுப்பி, இரும்பு கேட் மாட்டி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. உள்ளே கிடந்த உடைசல்களை அள்ளிக்கொண்டு சின்னக்கருப்பன் கேட்டைத் தாண்டும்போது, இடப்பக்கக் கீழ்ப் பின்னின் பூட்டு போல்ட் முறிந்தது. பின் நழுவி வெளியே விழுந்தது. பக்கெட் ஒரு பக்கமாகச் சாய்ந்து, செங்கல்லும் காங்கிரீட்டும் கேட்டின் மேல் கொட்டின. கேட் மடங்கியது. சுவரில் பாதி சரிந்தது. அந்த இடத்தில் ஒரு நிமிஷம் முன்புதான் பாண்டியம்மாள் நின்று போன் பேசிக்கொண்டிருந்தார்.

சின்னக்கருப்பன் வண்டியை அணைத்தார். இறங்கியதும் முதலில் அந்த அம்மாவைத் தேடினார். அவர் வாசல்படியில் உட்கார்ந்து வாயைப் பொத்தியிருந்தார்.

முகேஷ் காரில் வந்து இறங்கினான். கூட்டத்தைப் பார்த்தான், கேட்டைப் பார்த்தான். பின்னைப் பார்க்கவில்லை.

"ஏய், வண்டி ஓட்டத் தெரியுமா ஒனக்கு? முரட்டுத்தனமா ஓட்டி ஒடைச்சுட்ட. கெளம்பு, நாளையில இருந்து வராத."

அந்த "ப்ரோ" எங்கே போனது என்று தெரியவில்லை. சின்னக்கருப்பன் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு நடந்தார். அவர் கூனிக் குறுகிப் போகிறார் என்று நின்றவர்கள் நினைத்திருக்கலாம். உண்மையில் அவர் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். வாயைத் திறந்தால் வசவு முகேஷின் தாத்தா வரைக்கும் போய்விடும்.

வண்டியை இழுத்துக்கொண்டு முகேஷ் முபீனாவின் லேத் பட்டறைக்குப் போனான். ஐடிஐயில் டர்னர் படித்து, பதினெட்டு வருடமாக இரும்பு கடைகிறவர் முபீனா. எதிரில் நிற்பவர் யாராக இருந்தாலும் அவருக்கு ஒரே அளவுகோல்தான்.

"நாலு பின் மட்டும் புதுசா போட்டுக் குடுங்கக்கா. புஷ் இருக்கட்டும்" என்றான் முகேஷ். பின் உட்காருகிற துளைக்குள் செருகியிருக்கும் இரும்பு வளையம்தான் புஷ்.

"துளையே முட்டை மாதிரி இழுத்துக் கெடக்கு. இதுல புதுப் பின் போடுறதும் கிழிஞ்ச சட்டைக்குப் புதுப் பொத்தான் தைக்கிறதும் ஒண்ணுதான் தம்பி. முழுசா செய்யறதா இருந்தா வண்டியை விடுங்க. இல்லன்னா ரோட்டை மறிக்காம எடுத்துட்டுப் போங்க."

முகேஷ் விட்டான். முபீனா பின்களைத் தட்டிக் கழற்றி மேஜையில் வரிசையாக வைத்தார். மூன்று பின்கள் நடுவில் இடுப்பாகத் தேய்ந்து, வறண்டு, துருப் பிடித்திருந்தன. அவற்றில் ஒன்றைச் சுற்றி மிச்சத் தகரத் துண்டு இருந்தது. முபீனா அதை இரண்டு விரலால் எடுத்துப் பார்த்தார். ஆரஞ்சு ஜூஸ் டப்பா.

"இது எந்த மேதாவி வேலை?"

முபீனா வலப்பக்க மேல் பின்னைத் துடைத்தார். அது மட்டும் கறுப்புக் கிரீஸில் ஊறி, பெரிதாகத் தேயாமல் இருந்தது. பிறகு நிப்பிள்களைப் பார்த்தார்.

"ஓட்டுனது யாரு?"

"ஒருத்தன் இருந்தான்கா. முரடன். அவன்தான் ஒடைச்சது. அனுப்பிட்டேன்."

"அந்த முரடன்தான் இந்த ஒரு நிப்பிளைச் சுரண்டி கிரீஸ் வச்சிருக்காரு. அதனால இந்த ஒரு பின்னு பொழைச்சுது. மத்த மூணுக்கும் வாயில பெயின்ட்டைப் பூசி பட்டினி போட்டது யாரு? அவரைக் கூட்டிட்டு வாங்க. எங்க எம்புட்டு ஆட்டம்னு ஓட்டுனவருக்குத்தான் தெரியும். அவர் வராம நான் துளையில கை வைக்க மாட்டேன்."

முகேஷ் மூன்று முறை போன் செய்தான். நாலாவது முறை சின்னக்கருப்பன் எடுத்தார். "அந்தம்மா கூப்பிட்டதுக்காக வாரேன்" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

வந்ததும் முகேஷின் முகத்தைப் பார்க்கவே இல்லை. எந்தப் பக்கம் எடை ஏறும்போது சாய்கிறது, எந்த உயரத்தில் சத்தம் வருகிறது என்று முபீனாவிடம் சொன்னார். முபீனா பழைய புஷ்களை அழுத்தித் தள்ளி எடுத்து, இழுத்துப்போன துளைகளை வெல்டிங் வைத்து நிரப்பி, மறுபடி வட்டமாகக் குடைந்தார். மூன்று பின்னும் ஆறு புஷ்ஷும் புதிதாகக் கடைந்தார். புஷ்ஷின் துளை நிப்பிளுக்கு நேராக வருகிறதா என்று ஒவ்வொன்றிலும் கம்பி விட்டுப் பார்த்தார். மூன்று நாள் ஆயிற்று.

அந்த மூன்று நாளில் முகேஷுக்கும் ஒரு வேலை கிடைத்தது. வண்டியில் இருந்த மற்ற நிப்பிள்களையெல்லாம் சுரண்டுவது. முபீனா கத்தியைக் கையில் கொடுத்துவிட்டார். வெள்ளைச் சட்டையோடு வண்டிக்கு அடியில் படுத்தவன் வெளியே வந்தபோது காதுவரை கிரீஸ். சின்னக்கருப்பன் அப்போதுதான் முதல்முறையாக அவனை நேராகப் பார்த்தார்.

"கோடு விழுந்துறாம பாத்துச் சுரண்டுங்க சார்."

முபீனா சிரிப்பை அடக்க லேத் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நாலாம் நாள் காலை சின்னக்கருப்பன் ஏறி உட்கார்ந்து பக்கெட்டைத் தூக்கினார். சத்தமில்லை. இறக்கினார். தரையில் தாளை வைத்தமாதிரி உட்கார்ந்தது. ஒரு லோடு ஜல்லியை அள்ளி, பட்டறை வாசலில் ஒரு சுற்றுச் சுற்றினார். லீவரைப் பிடித்த கைக்கு ஒரு சின்ன அதிர்வுகூட வரவில்லை. அவருக்கு அது பிடித்திருந்தது. இந்த ஆளின் வண்டி தனக்குப் பிடித்துப்போனதில் அவருக்கே அவர்மேல் எரிச்சல் வந்தது.

"சூப்பர் ப்ரோ! நாளைக்கு ஏழு மணிக்கு வந்துருங்க. பாண்டியம்மாள் வீட்டு வேலை பாதியில நிக்குது."

"அவுங்க கேட்டையும் சுவரையும் சரி பண்ணிக் குடுத்துட்டுத்தான் அங்க வேலை. நீங்களே போயி, தப்பு யாரு மேலன்னு அவுங்க முன்னால சொல்லணும்."

"கண்டிப்பா ப்ரோ."

"அப்புறம், நிக்கணும்னு நான் சொன்னா வண்டி நிக்கும். ஒங்க வீடியோவைக் கேட்டு ஓடாது."

"ஓகே ப்ரோ, ஓகே."

"நான் வாரது வண்டிக்காக. ஒங்களுக்காக இல்ல."

"அதான் வேணும் ப்ரோ! இந்த டெடிகேஷன்தான்!" என்று முகேஷ் கையை நீட்டினான்.

சின்னக்கருப்பன் அந்தக் கையைப் பார்த்தார். திட்டினால்கூட உறைக்காதவனை எந்த இடத்தில் குத்துவது என்று அவருக்குத் தெரியவில்லை. தன் கை அழுக்காக இருப்பதாகக் காட்டிவிட்டு, பஸ் ஏறப் போனார்.

மறுநாள் முகேஷ் நிஜமாகவே பாண்டியம்மாள் வீட்டுக்குப் போனான். அந்த அம்மா அவனை உட்காரச் சொல்லாமல், வெயிலில் நிற்க வைத்தே, தப்பு தன்னுடையது என்று அவன் சொன்னது முழுவதையும் கேட்டார். கொத்தனார் வந்து சுவர் எழுப்பி, கேட்டையும் மாட்டி முடிக்க ஐந்து நாள் பிடித்தது. ஆறாம் நாள் ஏழு மணிக்குச் சின்னக்கருப்பன் ஷெட்டுக்கு வந்தபோது முகேஷ் இன்னும் எழுந்திருக்கவில்லை. அவர் பாட்டுக்கு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்.