தங்கையின் தெத்துப்பல்

"சிரிக்கும்போது ஏன் வாயைப் பொத்துறே?" என்று வகுப்பில் ஒருத்தி என்னைக் கேட்டாள். அதோடு நான் பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டேன்.

இப்போது, என்னைப்போலவே தெத்துப்பல் உள்ள என் தங்கையும் வாயைப் பொத்துகிறாள். கம்பி கட்ட அம்மா அவளைப் பல் டாக்டரிடம் அழைத்துப்போனாள். கூடப்போன எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"லேசான தெத்துப்பல்தாம்மா. அழகுக்காகன்னா கட்டலாம், அவசியமில்ல," என்றார் டாக்டர்.

"கட்டிடுங்க டாக்டர். இவளும் அக்கா மாதிரி வீட்டுல முடங்கிட்டா?" என்றாள் அம்மா.

டாக்டர் தங்கையிடம் குனிந்தார். "பல்லைக் காட்ட வெக்கமா, குட்டி?"

"இல்லியே! அக்கா அப்படிச் சிரிச்சா அழகா இருக்கும். அதான் நானும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாய்க்குப் போன கையைப் பாதியில் இறக்கினேன். என்னோடு சேர்ந்து வாயைப் பொத்திச் சிரித்த தங்கையும், என்னைப் பார்த்துக் கையை இறக்கினாள்.

"கட்டணுமாம்மா?" என்றார் டாக்டர்.

அம்மா எங்கள் பற்களை மாறி மாறிப் பார்த்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு, "வேணாம் டாக்டர்," என்று வெளியே போனாள்.