செல்லம் திரும்பமாட்டாள்

சிங்கப்பூர்த் தொழிற்சாலையில் வேலை முடித்து ஜொகூர் பாருவுக்குத் திரும்பும் பஸ், தம்பாக்கின் நடுவில் நின்றுவிட்டால் அரை மணி நேரத்துக்கு அசையாது. கடலைக் கடக்கும் அந்தச் சாலையில் மாலை நெரிசல் அப்படி. அப்போதுதான் தனலெட்சுமி கைப்பேசியை எடுத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, தொடர்கதையின் புதிய அத்தியாயத்தைப் படிப்பாள். பஸ்ஸிலிருக்கும் பதினான்கு பெண்களும் வாயை மூடிக்கொள்வார்கள். அங்கம்மா மட்டும் மூடமாட்டார்.

"மீன் தரம் பிரிக்கிற பொம்பள, காலையில அஞ்சு மணிக்குக் கண்ணுக்கு மை போடுவாளா? இந்த மகேஸ்வரன் படகுத்துறை பக்கம் போயிருக்கானா இல்லையா? ஆம்பள எழுதினா இப்படித்தான் லா!"

கடைசி இருக்கையில் சாந்தினி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அன்றிரவே அந்த மையை அழித்துவிட்டாள். மகேஸ்வரன் அவள்தான். பெண் பெயரில் எழுதியபோது கதையைப் படித்தவர்களைவிட 'ஹாய் டியர்' அனுப்பியவர்களே அதிகம். ஆண் பெயர் வைத்ததும் அந்தத் தொல்லை ஒழிந்தது. கூடவே 'ஆழமான எழுத்து சார்' என்று பாராட்டும் வந்தது. அதே எழுத்துக்குத்தான்; அவளுக்கு வயிற்றெரிச்சல், வேறென்ன.

கதை கடலோர ஊரான மெர்சிங்கில் நடக்கிறது. கணவன் லக்ஷ்மனை விட்டுப் பிரிந்த செல்லம், மீன் தரம் பிரித்துப் பிழைத்துக்கொண்டே, தீவுக்குப் பயணிகளை ஏற்றிப் போகும் படகை ஓட்டக் கற்றுக்கொள்கிறாள். தொண்ணூறு அத்தியாயத்தில், கதை வெளிவந்த கைப்பேசிச் செயலியில் இருபத்து மூவாயிரம் பேர் அவளைப் பின்தொடர்ந்தார்கள். வருமானம் என்னவோ மாதத்துக்கு அறுபது ரிங்கிட்டை, அவர்கள் பேச்சில் அறுபது வெள்ளியை, தாண்டவில்லை.

அப்படியிருக்க, ஒரு வியாழக்கிழமை செயலியின் கோலாலம்பூர் அலுவலகத்திலிருந்து ஹேமநாதன் என்ற ஆசிரியர், பணம் பெறும் கணக்கிலிருந்த அவளுடைய உண்மைப் பெயரைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"கொன்டிராக்ட் அனுப்பிட்டேன் சிஸ்டர். மாசம் ரெண்டாயிரத்து ஐந்நூறு வெள்ளி. நிம்மதியா வீட்டுல உட்கார்ந்து எழுதலாம்."

 தினமும் விடிகாலை நான்கு மணிக்கு அலறும் அலாரத்தைக் கடலில் வீசுவதாகச் சாந்தினி கற்பனைகூடச் செய்துவிட்டாள்.

"ஒரே ஒரு விஷயம்தான். நூறாவது அத்தியாயத்துக்குள்ள செல்லம் லக்ஷ்மன்கிட்ட திரும்பிடணும். அவன் அழட்டும், மன்னிப்பு கேக்கட்டும், பரவால்ல. வாசகர்ங்க குடும்பம் சேரணும்னுதான் கேக்கறாங்க. கமெண்ட்ஸ் பார்த்தீங்கதானே?"

"அவன் அவ கையை உடைச்சவன்."

"கதைதானே சிஸ்டர்."

கதைதானே! ஆறு வருஷத்துக்கு முன் ஒரே ஒரு பையோடு மெர்சிங்கிலிருந்து பஸ் ஏறி, ஜொகூர் பாருவின் பெர்மாஸ் ஜெயாவுக்கு வந்தவள் சாந்தினி. அவளுடைய இடது மணிக்கட்டு இன்றைக்கும் முழுதாகத் திரும்பாது. செல்லத்தை லக்ஷ்மனிடம் அனுப்புவதும் தன்னையே அதே பஸ்ஸில் திருப்பி ஏற்றிவிடுவதும் அவளுக்கு ஒன்றுதான். அதற்கு மாதச் சம்பளம் வேறு தருகிறார்களாம்!

ஒப்பந்தத்தைப் படித்தாள். ஐந்து வருஷத்துக்குக் கதை அவர்களுடையது. வேண்டியபடி மாற்றிக்கொள்ளவும் அவர்களுக்கு உரிமை உண்டு. அவள் எழுத மறுத்தால், அந்தச் சமாதானத்தை வேறொருவரை வைத்து எழுதிக்கொள்வார்கள். இரண்டு நாள் பேனாவும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். ஆசை இல்லாமலா? அலாரம் இல்லாத காலை யாருக்குக் கசக்கும்? ஆனாலும் கையெழுத்துப் போடவில்லை.

மற்ற தளங்களையும் தேடிப் பார்த்தாள். ஒன்று வரும் பணத்தில் பாதியை எடுத்துக்கொள்ளும். இன்னொன்று மலேசிய வங்கிக்குப் பணமே அனுப்பாது. மூன்றாவது, நூறு டாலர் சேர்ந்தால்தான் கண்ணிலேயே காட்டும். சீச்சீ என்றாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, தானே ஒரு சிறிய இணையப் பக்கத்தை உருவாக்கினாள். மாதச் சந்தா ஐந்து ரிங்கிட். எழுதியவர் பெயர் இருக்குமிடத்தில் 'சாந்தினி' என்றே போட்டாள்.

பிறகு செயலியைத் திறந்து தொண்ணூறு அத்தியாயங்களையும் நீக்கச் சொன்னாள். நிச்சயமாகவா என்று கேட்டது. நிச்சயமாகத்தான். இருபத்து மூவாயிரம் பேரும் ஒரே தட்டலில் போனார்கள்.

திங்கட்கிழமை மாலை தம்பாக்கில் பஸ் நின்றதும் தனலெட்சுமி கைப்பேசியைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

"அலமாக்! கதையே இல்லடி. எல்லாம் போச்சு!"

பஸ் ரெண்டுபட்டது. ஆளாளுக்குக் கைப்பேசியை எடுத்துத் தேடினார்கள். அங்கம்மா எழுந்தே நின்றுவிட்டார்.

"பயந்துட்டான். அந்த மகேஸ்வரன் பயந்து ஓடிட்டான். பொம்பள தனியா நின்னா எப்படி முடிக்கறதுன்னு தெரியல அவனுக்கு."

சாந்தினிக்குச் சுருக்கென்றது. எதைச் சொன்னாலும் பொறுத்திருப்பாள், பயந்துவிட்டாள் என்பதைத் தவிர. இருக்கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"பயப்படலக்கா. மகேஸ்வரன்னு யாரும் கிடையாது. நான்தான் எழுதினேன். அவளைப் புருஷன்கிட்ட அனுப்பச் சொன்னாங்க. மாட்டேன்னு கதையை எடுத்துட்டேன்."

யாரும் நம்பவில்லை. சாந்தினி இடது கையை நீட்டி, மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினாள். அது பாதியில் நின்றது. எழுபதாவது அத்தியாயத்தில், படகின் சுக்கானைப் பிடித்த செல்லத்தின் கை நின்ற அதே இடத்தில். படித்துக்காட்டிய தனலெட்சுமிதான் முதலில் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இனிமே என் சொந்தப் பக்கத்துல வரும். மாசம் அஞ்சு வெள்ளி."

"காசா?" என்று பின்னாலிருந்து யாரோ இழுத்தார்கள். "இவ்வளவு நாள் சும்மாதானே படிச்சோம்?"

"நீங்க எல்லாம் சும்மாவா வேலைக்கு வர்றீங்க?" என்றாள் சாந்தினி.  அவளுக்கே அது ஆச்சரியமாக இருந்தது.

 வெளியே லாரி ஒன்று ஹாரன் அடித்தது. அங்கம்மா சாந்தினியின் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கைப்பையைத் துழாவிக் கைப்பேசியை எடுத்தார்.

"எங்க அனுப்பணும்? காட்டு."

சாந்தினி பணம் அனுப்பும் கியூஆர் கட்டத்தைத் தன் திரையில் காட்டினாள். அங்கம்மா அதன்மேல் கைப்பேசியைக் குறிவைத்த கையை நடுவிலேயே நிறுத்தி, அவள் கண்ணைப் பார்த்தார்.

"இந்தா பாரு பிள்ள. அவ மட்டும் திரும்பிப் போனா, என் அஞ்சு வெள்ளியை நீ திருப்பித் தரணும்."

"அப்ப அந்த அஞ்சு வெள்ளி திரும்பி வரவே வராது, மறந்துடுங்கக்கா," என்றாள் சாந்தினி.