அணைத்த கற்பூரம்

எண்பதாம் வருஷத் தேர்தலுக்குக் கட்சி ஆள் தேடுகிறது என்று கேள்விப்பட்டதும், அர்ச்சுனன் வேட்டிக்குக் கஞ்சி போட்டு உடுத்திக்கொண்டு மலையிலிருந்து ஆலங்காயத்துக்கு இறங்கினான். மலையில் கட்சிக் கொடியை முதலில் நட்டவன் அவன். இரண்டு தேர்தலில் இரண்டு கீழ்நாட்டு ஆட்களை மலை ஓட்டால் கரையேற்றிவிட்டவனும் அவன்தான். ஜெயித்த இருவரும் அவனை நிற்க வைத்தே பேசினார்கள். ஒருநாளும் உட்காரச் சொன்னதில்லை. இந்தத் தடவை மலைக்காரன் ஒருத்தன் அந்த எம்.எல்.ஏ. நாற்காலியில் உட்கார வேண்டும், அது தானாக இருக்க வேண்டும் என்று அவனுக்கு வெறியே வந்திருந்தது.

கட்சிச் செயலாளர் ராஜாக்கண்ணு கணக்குப் புலி. மெட்ராசுக்குப் பேர் எழுதி அனுப்புவது அவர்தான். பல் குத்திக்கொண்டே ஆரம்பித்தார்.

"எழுபத்தொண்ணுல மண்டிக்காரர நிறுத்துனோம். வெவசாயி, யாவாரி, மலை மூணும் சேந்து வந்துச்சு. எழுபத்தேழுல பள்ளிக்கூட வாத்தியார நிறுத்துனோம். யாவாரி கைவுட்டான். ஆனா காலனியும் நெசவுத் தெருவும் வந்துச்சு, மலையும் வந்துச்சு, தப்பிச்சோம். உன்னை நிறுத்துனா கீழ எவன் வருவான், சொல்லு?"

"காலனியில எனக்குப் பழக்கம் இருக்குதுங்கண்ணே. நெசவுத் தெருவுலயும் என்னைத் தெரியும். வருஷா வருஷம் புளி கொண்டாந்து போடறேனே."

"புளி வாங்கறவன்லாம் ஓட்டுப் போடுவானா? கீழ வுடு, மலையே உனக்கு முழுசா வருமா? எதிர்க்கட்சிக்காரன் நாலு பானை சாராயம் எறக்குனா ஆளுக்கொரு பக்கம் பூடுவீங்க."

அர்ச்சுனனுக்குச் சுருக்கென்றது. தன்னைச் சொன்னால் பொறுத்திருப்பான், மலையைச் சொல்லிவிட்டாரே!

"அடுத்த வெள்ளிக்கெழமை மேல வாங்கண்ணே. மலை எப்படி வரும்னு காட்றேன்" என்று சொல்லிவிட்டு வந்தான்.

சொன்னபடியே செய்தான். சுற்றுப்பட்ட ஊர்களையெல்லாம் வேடியப்பன் கோயிலுக்குக் கூட்டினான். வீட்டுக்கு ஒருவர் வந்து, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். ஒருவர் அணைத்தால் அந்த வீடே கட்டுப்பட்டது. மலையில் இதற்கு மேல் பத்திரம், பட்டா எதுவும் கிடையாது.

எந்தச் சொல்லைச் சொல்லி அணைப்பது என்று ஊர் நாட்டாமை கிருஷ்ணன் கேட்டார். தன் பேருக்குத் தானே சாமி முன்னால் சத்தியம் வாங்குவதா? அர்ச்சுனனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"கட்சிச் சின்னத்துக்குத்தான் ஓட்டு, வேற எதுக்கும் இல்லன்னு சொல்லி அணைங்க" என்றான். முதல் ஆளாகத் தானே அணைத்தான்.

அவன் மனைவி அம்சவல்லி கூட்டத்தின் ஓரத்திலிருந்து வந்து அவன் காதைக் கடித்தாள்.

"உன் பேரச் சொல்லக் கூடாதா மாமா?"

"சின்னம் எனக்குத்தான்டீ வரப் போவுது. அது வேற, நான் வேறயா?"

அவள் மறுபடி ஓரத்துக்கே போய்விட்டாள். ராஜாக்கண்ணு ஜீப்பில் வந்து, அத்தனை கைகளும் கற்பூரத்தை அணைப்பதைக் கடைசிவரை பார்த்தார். அர்ச்சுனன் வீட்டில் சாமைச் சோறும் கோழிக் குழம்பும் மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டார். புறப்படும்போது அவன் முதுகில் தட்டி, "அசத்திட்ட போ" என்றார். அன்றைக்கு முழுக்க அர்ச்சுனனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

சீட்டு ரைஸ்மில் ரங்கசாமிக்குப் போனது.

அர்ச்சுனன் அலறியடித்துக்கொண்டு கீழே ஓடினான். ராஜாக்கண்ணு கொஞ்சமும் கூச்சப்படவில்லை.

"மலைதான் சத்தியம் பண்ணியாச்சே அர்ச்சுனா. யாரை நிறுத்துனாலும் அது வந்துடும். கீழ இருக்கற ஓட்டு வரணும்னா கீழ இருக்கறவனத்தானே நிறுத்தணும்? கோவப்படாத, நீயே யோசன பண்ணிப் பாரு."

யோசித்துப் பார்த்தால் சரியாகத்தான் இருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல். மலையை அவனே மூட்டை கட்டிக் கொண்டுவந்து அவர் காலடியில் இறக்கியிருந்தான். இறக்கின பிறகு சுமந்து வந்தவனை எவன் மதிப்பான்?

அந்த ஆத்திரத்தோடு போய் சுயேச்சையாக மனுப் போட்டான். ஏணிச் சின்னம் கிடைத்தது. பிறகுதான் மலையேறி, நாட்டாமை முன்னால் போய் நின்றான்.

"சத்தியத்த எடுத்துக் குடுங்க. ஊரையே ஏமாத்திட்டானுங்க."

கிருஷ்ணன் தலை குனிந்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"அணைச்ச கற்பூரத்த எப்படிடா திருப்பி ஏத்தறது? நீ சொன்ன சொல்லத்தானே நாங்க சொன்னோம். உனக்கு ஓட்டுப் போடணும்னு எங்களுக்கு மட்டும் ஆசை இல்லியா?"

ஓட்டுப் போடும் நாளில் அம்சவல்லி அவனுக்கு முன்னால் வரிசையில் நின்றாள். முத்திரை குத்திவிட்டு வெளியே வந்தவள் அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு விடுவிடென்று போய்விட்டாள். அவன் உள்ளே போனான். ஓட்டுச் சீட்டில் ஏணி இருந்தது, பக்கத்திலேயே அவன் பேரும் இருந்தது. முத்திரைக் கட்டையை ஏணியின் மேல் கொண்டுபோனான். உள்ளங்கையில் அன்று கற்பூரம் சுட்ட இடம் இன்னும் கறுப்பாக இருந்தது. கட்டையை நகர்த்தி, கட்சிச் சின்னத்தின் மேல் குத்திவிட்டு வெளியே வந்தான்.

எண்ணும்போது வேடிக்கை நடந்தது. காலனிப் பெட்டிகளில் ஏணி கொத்துக் கொத்தாக விழுந்தது. நெசவுத் தெருவிலும் அப்படியே. வரவே வராது என்று ராஜாக்கண்ணு அடித்துச் சொன்ன ஓட்டெல்லாம் வந்திருந்தது. மலையும் அவன் பக்கம் இருந்திருந்தால் ரைஸ்மில் ரங்கசாமி மண்ணைக் கவ்வியிருப்பார். மலைப் பெட்டிகளைக் கொட்டினார்கள். ஒரு ஏணி இல்லை. பேருக்குக்கூட ஒன்று இல்லை.

ஜெயித்த ரங்கசாமியை நாற்காலியில் உட்கார வைத்து மாலை போட்டார்கள். அர்ச்சுனன் வழக்கம்போல நின்றுகொண்டிருந்தான். ராஜாக்கண்ணு அவனைத் தேடி வந்தார்.

"இன்னா அர்ச்சுனா, உன் ஓட்டு கூடவா உனக்கு வுழல?"

"சத்தியம் பண்ணவன்தானுங்களே நானும்."

ராஜாக்கண்ணு வெட்கப்படுவார் என்று அர்ச்சுனன் எதிர்பார்த்தான். அவரோ, ரங்கசாமியின் மாலையிலிருந்து உதிர்ந்த ஒரு ரோஜாவை எடுத்து அவன் கையில் வைத்தார்.

"இப்படிப்பட்ட ஆளுங்கதான்யா கட்சிக்கு வேணும். அடுத்த தபாவும் அந்தக் கற்பூரத்த நீயே ஏத்திக் குடுத்துடு."